அக்கா ஊசியோடு, தங்கை தூரிகையோடு

நேயர்களுக்கு வணக்கம்.

தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1913இல். அடுத்த ஆண்டு அவருடைய 'அஞ்சல் நிலையம்' நாடகம் ஆங்கிலத்தில் அழகான சிறு புத்தகமாக வந்தது. அது அச்சானது அயர்லாந்தில், டப்ளினை அடுத்த டண்ட்ரம் பகுதியில் இருந்த ஒரு சிறு அச்சுக்கூடத்தில். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, கையால் இயக்கும் அச்சுப்பொறியில் பெண்கள் அச்சிட்ட புத்தகம் அது. மொத்தமே 400 பிரதிகள்.

அந்த அச்சுக்கூடத்தை நடத்தியவர் எலிசபெத் யேட்ஸ். வீட்டில் அவரை லாலி என்று கூப்பிடுவார்கள். அதே இடத்தில் எம்பிராய்டரிப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அக்கா சூசன், செல்லப் பெயர் லில்லி. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் இவர்களுக்கு அண்ணன். ஓவியர் ஜாக் யேட்ஸ் தம்பி. அண்ணன், தம்பி இருவரையும் உலகம் அறியும். இந்த இரு பெண்களைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவள் என்பதால், இவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

லில்லி பிறந்தது 1866இல், லாலி 1868இல். அப்பா ஜான் பட்லர் யேட்ஸும் ஓவியர்தான், நல்ல திறமைசாலி. ஆனால் ஒரு படத்தை இது போதும் என்று கீழே வைக்க அவருக்கு மனம் வராது. திருத்திக்கொண்டே இருப்பார். படம் முடிந்தால்தானே காசு வரும்? அம்மாவோ பக்கவாதத்தால் நோயாளியாகிவிட்டார். குடும்பம் லண்டனில் இருந்த அந்த நாட்களில், வீட்டுச் செலவின் பெரும் சுமை இந்த மகள்கள் தோளில் விழுந்தது.

லில்லி 1888இல் வேலைக்குப் போனார். ஆங்கிலேயக் கவிஞரும் கைவினை வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸின் மகள் மே மாரிஸ் நடத்திய எம்பிராய்டரிக் கூடம் அது. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார். நூலின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, துணியின் மேல் ஒரு இலையைத் தையலாலேயே வளைத்துக் காட்டுவது எல்லாம் அங்கே படிந்த பழக்கம்.

லாலி போன வழி வேறு. விளையாட்டும் கைவேலையும் வழியாகக் கற்பிக்கும் ஃபிரோபெல் முறையில் மழலையர் ஆசிரியையாகப் பயிற்சி பெற்று, குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய பாடமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஓவிய வகுப்பு என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? முதலில் பென்சில். வெளிக்கோடு போடு, அழி, மறுபடி போடு. அது சரியாக வந்த பிறகுதான் வண்ணம். நான் படித்ததும் அப்படித்தான், முதல் சில வருடங்கள் நான் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். பாதி வகுப்பு ரப்பரிலேயே போய்விடும். லாலி பென்சிலை ஒதுக்கிவிட்டு நேரே தூரிகையைக் குழந்தையின் கையில் கொடுத்தார். தூரிகை நிறைய வண்ணத்தை எடுத்து, தாளில் படுக்க வைத்து ஒருமுறை அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூராக, மறு பக்கம் உருண்டையாக ஒரு இதழ் விழும். அப்படி ஐந்து இதழைச் சுற்றி வைத்தால் ஒரு பூ. நீளமாக இழுத்தால் புல், கொஞ்சம் வளைத்தால் இலை. கோடு போட்டு அதற்குள் வண்ணம் நிரப்புகிற வேலையே இல்லை. உருவமும் வண்ணமும் ஒரே அசைவில் வந்துவிடும். அழிக்க முடியாது என்பதால் குழந்தை முதலில் பூவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும், அப்புறம்தான் கையை வைக்கும்.

1896இல் இந்த முறையை விளக்கி ஒரு பாடநூல் எழுதினார். 1898, 1900 ஆண்டுகளில் மேலும் நூல்கள் வந்தன. பாடம் எடுத்து வந்த பணம் வீட்டுக்குப் பெரிய துணையாக இருந்தது.

1902இல் ஈவ்லின் கிளீசன் என்ற பெண்மணி டண்ட்ரமில் ஒரு கைவினைக் கூடம் தொடங்கினார். சகோதரிகள் இருவரும் லண்டனை விட்டு அங்கே சேர்ந்தார்கள். பெயர் 'டன் எமர்'. எமர் என்பவள் ஐரிஷ் புராண வீரன் குஹூலினின் மனைவி, தையல் வேலையில் பேர் பெற்றவள். கிளீசன் தரைவிரிப்பு நெசவைப் பார்த்துக்கொண்டார், லில்லி எம்பிராய்டரியை. லாலி லண்டனில் சிறிது காலம் மட்டும் அச்சுத்தொழில் பயின்று வந்து, அச்சுக்கூடத்தை ஏற்றுக்கொண்டார். 1903இல் அண்ணனுடைய கவிதை நூல் முதல் புத்தகமாக வந்தது, 325 பிரதிகள்.

வேலைக்கு வந்தவர்கள் அந்த வட்டாரத்து இளம்பெண்கள். எழுத்துக் கோப்பதும், மை தடவுவதும், பட்டு நூலில் முகம் தைப்பதும் இங்கே கற்றதுதான். அதனால்தான் இந்தச் சகோதரிகளை நான் முதலில் ஆசிரியைகளாகப் பார்க்கிறேன். பள்ளி வகுப்பறையை லாலி விட்டு வந்தார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பறையைத் தொழிற்கூடத்துக்குள் கொண்டு வந்தார் என்றுதான் சொல்வேன். லோக்ரே ஊரின் புனித பிரெண்டன் பேராலயத்துக்காக லில்லியும் அவருடைய பெண்களும் தைத்த கொடிகளில் ஐரிஷ் புனிதர்கள் நிற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்து கொடுத்தவர்கள் தம்பி ஜாக்கும் அவர் மனைவியும்.

கிளீசனோடு ஒத்துப்போகாமல் 1908இல் சகோதரிகள் இருவரும் அவரிடமிருந்து பிரிந்து, 'குவாலா' என்ற பெயரில் தனியாக நடத்தத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூனில் இருந்து ஒரு மாத வெளியீடு கொண்டுவந்தார்கள். பாட்டும் ஜாக்கின் படமுமாக, ஒவ்வொரு மாதமும் 300 பிரதிகள். படங்களுக்கு அந்தப் பெண்கள் தூரிகையால் ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டினார்கள். ஏழு ஆண்டுகள், 84 இதழ்கள். பெருக்கிப் பார்த்தால் 25,200 பிரதிகள். லாலி குழந்தைகளிடம் கொடுத்த அந்தத் தூரிகை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

இருவரும் ஒற்றுமையாக இருந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை என்பதுதான் உண்மை. லாலி படபடப்பானவர், லில்லி அமைதியானவர். தங்கையோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு கடினம் என்று லில்லியின் கடிதங்கள் சொல்கின்றன. எதை அச்சிடுவது என்பதில் லாலிக்கும் அண்ணனுக்கும் அடிக்கடி மோதல். லாபமும் பெரிதாக இல்லை, கடனை அடைக்க அண்ணன் பலமுறை கைகொடுக்க வேண்டியிருந்தது. இருந்தும் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில்தான் கடைசிவரை வாழ்ந்தார்கள். காலையில் மனத்தாங்கல் இருந்தாலும் ஒருத்தி ஊசியை எடுத்தாக வேண்டும், மற்றவள் அச்சுக்கூடத்தைத் திறந்தாக வேண்டும். பெண்கள் வேலைக்கு வந்து நிற்பார்களே! இந்த இடம் என்னை எப்போதும் நெகிழ வைக்கிறது.

லாலி தனியாக ஓவிய வகுப்புகளும் நடத்திவந்தார். அவரிடம் பதினொரு வயதில் பாடம் கேட்ட ஒரு சிறுமி மெய்னி ஜெலட். பின்னாளில் அயர்லாந்தில் அரூப ஓவியத்துக்கு, அதாவது பொருள்களை அப்படியே காட்டாமல் வடிவங்களாலும் வண்ணங்களாலும் மட்டும் வரையும் ஓவியத்துக்கு, வழி திறந்தவர் அவர். 1923இல் டப்ளினில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது கடுமையான ஏளனம் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. அவரும் பலருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

லில்லிக்கு உடல்நிலை கெட்டது. 1931இல் எம்பிராய்டரிப் பகுதியை மூடினார்கள். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து, துணியில் நூலால் சிறு சிறு காட்சிகளைத் தைத்துக்கொண்டிருந்தார். 1940 ஜனவரியில் தங்கை போய்விட்டார். அக்கா இருந்தது 1949 ஜனவரி வரை. டண்ட்ரமில் புனித நாஹி தேவாலய வளாகத்தில் இருவருக்கும் கல்லறை இருக்கிறது. தேவாலயத்துக்குள்ளே அவர்கள் கையால் தைத்த வேலைப்பாடுகளை இன்றும் பார்க்கலாம்.

வணக்கம்.