ஒளிக்குத் திசை காட்டும் நுண்முகடுகள்

(காட்சி: மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே ஒரு படக்கடை.)

வணக்கம். ஒருபுறம் சாய்த்தால் மீனாட்சியும் மறுபுறம் சாய்த்தால் சொக்கநாதரும் தெரியும் பிளாஸ்டிக் படங்களை இங்கே பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தின் மேல் நகத்தை ஓட்டினால் நெருக்கமான வரிகள் தட்டுப்படும். ஒவ்வொரு வரியும் நீளவாட்டில் அமைந்த ஒரு குவிலென்ஸ். இரண்டு படங்களும் மெல்லிய கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு லென்ஸின் அடியிலும் மாறிமாறி அச்சிடப்பட்டிருக்கின்றன. நாம் பார்க்கும் கோணத்துக்கு உரிய கீற்றை மட்டுமே லென்ஸ் கண்ணுக்குக் காட்டுகிறது. வரிகள் கிடையாக இருந்தால் இரு கண்களும் ஒரே படத்தைக் காணும். செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு கீற்று தெரியும். முப்பரிமாணப் படங்கள் இதனால்தான் ஆழத்தோடு தோன்றுகின்றன.

(காட்சி: மதுரையில் ஒரு பழுதுபார்க்கும் கடை, மேசையில் பிரித்து வைத்த மடிக்கணினித் திரை.)

இதைவிட வியப்பானது, எல்சிடி திரைக்குப் பின்னால் இருந்து அதன் பிரகாசத்தைக் கூட்டும் பிரிசம் பிலிம் என்ற மெல்லிய தாள். பாலியஸ்டர் தாளின் மேல் அக்ரிலிக் பிசினை முகடுமுகடாக வார்த்து, புறஊதா ஒளியால் இறுகச் செய்து இதைத் தயாரிக்கிறார்கள். முகடுகளுக்கு இடையேயான தூரம் சில பத்து மைக்ரான்கள்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உச்சிக் கோணம் பொதுவாக 90 டிகிரி.

அந்தக் கோணத்துக்குக் காரணம் உண்டு. அடியிலிருந்து நேராக ஏறிவரும் ஒளி, முகட்டின் சரிவில் 45 டிகிரியில் விழுகிறது. அக்ரிலிக்கின் மாறுநிலைக் கோணம், அதாவது உள்ளிருந்து வரும் ஒளி இதற்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேற முடியாத எல்லை, ஏறத்தாழ 42 டிகிரி என்பதால், அந்த ஒளி வெளியேற முடியாமல் இரு சரிவுகளிலும் முழு அக எதிரொளிப்பு அடைந்து வந்த வழியே திரும்பிவிடுகிறது. நேராக வந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் பிலிம் எப்படித் திரையின் பிரகாசத்தைக் கூட்டும் என்று நீங்கள் கேட்கலாம். சாய்வாக வரும் ஒளியோ சரிவில் விலகி, பார்ப்பவரை நோக்கி நிமிர்ந்து வெளிவருகிறது. திரும்பிய ஒளியும் அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுச் சிதறி, வேறு கோணங்களில் மீண்டும் மேலே வருகிறது.

பிலிம் புதிதாக ஒளியை உண்டாக்குவதில்லை. பக்கவாட்டில் போக வேண்டிய ஒளியே முன்பக்கம் சேர்வதால், ஓரத்திலிருந்து பார்ப்பவருக்குத் திரை மங்கலாகத் தெரியும். ஒருவர் மட்டும் பார்க்கும் கைபேசிக்கு இது நல்ல ஏற்பாடு, மின்கலமும் மிச்சமாகும். குடும்பமே சுற்றி அமரும் தொலைக்காட்சியில் இதை அளவோடு பயன்படுத்த வேண்டும்.

ஒரு பிலிம் ஒரு திசையில் மட்டுமே ஒளியைக் குவிக்கும் என்பதால், பல திரைகளில் இரண்டைச் செங்குத்தாகக் குறுக்கே அடுக்குகிறார்கள். எனவே திரையைப் பிரிப்பவர்கள், பிலிம்களை எடுத்த வரிசையையும் முகடுள்ள பக்கத்தையும் குறித்துக்கொண்டு, ஓரத்தை மட்டுமே பிடித்துத் தூக்க வேண்டும். முகட்டில் விழும் சிறு கீறலும் திரையில் தெரியக்கூடும்.