பதினான்கு வினாடி
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, ஒரு திருமண வரவேற்பை விட்டுவிட்டு இங்கே அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம்.

மூன்று கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல வந்தேன். 1961-ல் முதன்முதலாக விண்வெளிக்குப் போன ககாரின் கட்டிப்போன ரஷ்யக் கடிகாரம் முதலாவது. அடுத்த ஆண்டு அமெரிக்க விண்வெளி வீரர் வால்டர் ஷிரா தன் சொந்தக் காசில் வாங்கிக் கட்டிப்போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் இரண்டாவது. அவற்றைப் பிறகு பார்ப்போம். மூன்றாவதுதான் முக்கியம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நான் மேடைக்கு மேடை சொல்வது வீண்பேச்சு அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி.

1970 ஏப்ரல். அமெரிக்காவின் அப்பல்லோ 13 விண்கலம் நிலவை நோக்கிப் போகிறது. வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடிக்கிறது. நிலவில் இறங்கக் கொண்டுபோன சின்ன வண்டிக்குள் லவெல், ஹெய்ஸ், ஸ்விகர்ட் என்ற வீரர்கள் மூன்று பேரும் ஒண்டிக்கொள்கிறார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், கணினியை அணைத்துவிட்டார்கள். உள்ளே மார்கழிக் குளிர் தோற்றுப்போகும்! திரும்பும் பாதையோ கொஞ்சம் விலகுகிறது. சரிசெய்ய எஞ்சினைப் பதினான்கு வினாடி எரிக்க வேண்டும். யார் எண்ணுவது? லவெலும் ஹெய்ஸும் ஜன்னலில் தெரிந்த பூமியைக் குறிவைத்து வண்டியை ஆடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்விகர்ட் மணிக்கட்டைப் பார்க்கிறார். பேட்டரி இல்லாத, சாவி கொடுக்கிற ஸ்பீட்மாஸ்டர். பதினான்காவது வினாடியில் எஞ்சின் நின்றது. மூவரும் பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள். துரும்பு, ஐயா, துரும்பு!

அந்தத் துரும்பைச் சும்மா எடுத்துப் போகவில்லை. 93 டிகிரி வரை வாட்டினார்கள், உறைய வைத்தார்கள், குலுக்கினார்கள். சோதித்த மூன்று கம்பெனிக் கடிகாரங்களில் தேறியது இது ஒன்றுதான். 1965-ல் நாசா சான்று கொடுத்தது.

சோதிக்க அவர்களுக்கு ஆள் இருந்தது. நம் கடைவீதி மணிக்கூண்டு பத்து ஆண்டாக நாலே காலில் நிற்கிறது. ஏறிப் பார்க்க ஆள் இல்லை. அதுவும் சாவி கொடுக்கிற கடிகாரந்தான். பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு எதிரில் குடைக்குக் கீழே இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவரை நான் கேட்டுவிட்டேன். ஏணியும் அனுமதியும் கொடுத்தால் போதுமாம். உறுப்பினர் சிரிக்கிறார், அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ககாரின் கதைக்கு நேரமில்லை, செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார். மணிக்கூண்டு மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் சாப்பிடப் போக வேண்டாம். பேனா என்னிடம் இருக்கிறது.