கண்ணகி பேச ஆரம்பிச்ச இடம்

பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம். காப்பியத்துல ஹீரோன்னா யாரு, கதை நெடுக அவங்க எப்படி மாறுறாங்கன்னு பேசச் சொல்லியிருக்காங்க, மாயவரத்துல நின்னுக்கிட்டு இதப் பேசணும்னா பூம்புகார விட்டுட்டு, அங்க ஆரம்பிக்கற சிலப்பதிகாரத்த விட்டுட்டு எங்க போறது.

அதுக்கு முன்னாடி ராமனப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நம்ம தேரழுந்தூர் கம்பன் காட்டுற ராமன், காட்டுக்குப் போன்னு கைகேயி சொன்னப்பவும் மாறல, அவன் முகம் அப்பதான் பூத்த செந்தாமரைய ஜெயிச்சுதுன்னு பாடுறாரு. எது வந்தாலும் அசையாம நிக்கறது ஒரு வகை. கண்ணகி அப்படி இல்ல, அவ நம்ம கண்ணு முன்னாடியே வளர்றா.

கல்யாணத்தப்ப அவளுக்கு 12 வயசு. கோவலன் அவ்வளவு கொஞ்சுறான், அவ ஒரு பதில் பேசல. புகார்க் காண்டத்துல மொத்தம் 10 காதை, அதாவது 10 அத்தியாயம், ஒன்பதாவதுலதான் அவ குரலே நமக்குக் கேக்குது! கோவலன் மாதவிகிட்ட போயிட்ட நேரம் அது, அங்க கண்ணகியோட தோழி தேவந்தி சொல்றா, காவிரி கடல்ல கலக்குற இடத்துல சோமகுண்டம் சூரியகுண்டம்னு ரெண்டு குளம் இருக்கு, முழுகி காமன் கோயில கும்பிட்டா புருஷனோட சேந்து வாழலாம்னு. அதுக்கு கண்ணகி "பீடன்று", அது பெருமை இல்லன்னுட்டா, அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு பதில்லயே பின்னாடி வரப்போற மதுரை முழுக்க தெரியுது.

அப்புறம் கோவலன் திரும்பி வந்து, சிலம்ப வித்துப் பிழைக்கலாம்னு ரெண்டு பேரும் மதுரைக்குப் போறாங்க. அங்க மாதரிங்கற ஆயர்குலத்து அம்மா கொடுத்த வீட்ல, பெரிய வணிகர் வீட்டுப் பொண்ணு தானே அருவாமணையில காய் நறுக்குறா, விரல் செவந்து போகுது, முகம் வேர்க்குது, கண்ணு செவக்குது, காப்பியத்த எழுதுன இளங்கோ ஒண்ணயும் விடல. வாழைக்குருத்துல சோறு போட்டு, வெத்தல பாக்கு கொடுக்குறா. கோவலன் அப்பதான் உடைஞ்சு போறான், கெளம்புன்னேன் கெளம்பிட்டியே, என்ன காரியம் செஞ்சுட்டன்னு கேக்குறான். மேடையில பாதிப் பேரு கோவலன திட்டிட்டே போயிடறாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன், தான் செஞ்சது என்னன்னு முழுசா புரிஞ்ச மனுஷன் அந்த எடத்துல இருக்கான். அவன் அப்படிக் கேட்டதாலதான் அவளும் முதல்முறையா மூஞ்சிக்கு நேரா "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்", யாரும் மெச்சாத காரியம் செஞ்சீங்கன்னு சொல்லிடறா. அவன் சிலம்ப எடுத்துக்கிட்டுப் போனது அதுக்கப்புறம்தான், திரும்பி வரல, ராணியோட சிலம்ப திருடினான்னு பழி சொல்லிக் கொன்னுட்டாங்க.

கதையோட பாரம் மொத்தமும் அங்கேருந்து அவ தோளுக்கு மாறிடுது. பாண்டியன் சபையில யாரும்மா நீன்னு கேட்டா, அழுதுட்டு நிக்கல. புறாவுக்காக தன்னையே கொடுத்தவனும், பசுவோட கண்ணீருக்காகப் பெத்த மகனையே தேர்க்கால்ல ஏத்துனவனும் இருந்த புகார்தான் என் ஊருன்னு ஆரம்பிக்கறா, அந்த ரெண்டாவது கதைதான் நம்ம திருவாரூர்ல கல்தேரா நிக்குது. மாமனார் பேரு, புருஷன் பேரு எல்லாம் சொல்லி கடைசியில கண்ணகி என்பது என் பெயரேன்னு முடிக்கறா. அப்புறம்தான் சாட்சி. என் சிலம்புக்குள்ள இருக்கற பரல், அந்தச் சத்தம் போடற மணி, மாணிக்கம்னு முதல்ல தான் சொல்லிடறா, எங்களுது முத்துன்னு ராஜா வாயாலயே வர வைக்கறா, அதுக்கப்புறம்தான் உடைக்கறா. மாணிக்கம் தெறிச்சு ராஜா முகத்துக்கு நேரா போகுது.