குரல் மாறிய ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ராக் இசையிலும், அதன் கனத்த, உரத்த வடிவமான மெட்டல் இசையிலும் எனக்குப் பிடித்த ஆல்பங்களைப் பற்றிப் பேசலாம், ஆனால் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தவையாக இருக்க வேண்டும் என்று வானொலி நிலையத்தார் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. 1980. அந்த ஓராண்டின் ஆல்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கேட்கலாம் என்று உறுதியாக நம்புகிறவன் நான்.

ரசிகனுக்கு ஒரு குழு என்றால் முதலில் அதன் குரல்தான். பாடகர் போய்விட்டால் குழுவும் போய்விட்டது என்றே நினைப்போம். அந்த நினைப்பு 1980இல் தகர்ந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார். வயது 33. இனிக் குழு வேண்டுமா என்று கிதார் கலைஞர்களான மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் தயங்கினார்கள். நீங்கள் நிறுத்தக் கூடாது என்று அவர்களைத் தேற்றியது, மகனைப் பறிகொடுத்த ஸ்காட்டின் குடும்பம். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியைச் சேர்ந்த பிரையன் ஜான்சன் புதிய பாடகராக வந்தார். முன்பொரு முறை ஜான்சன் மேடையில் பாடியதைப் பார்த்துவிட்டு, நண்பர்களிடம் அவரை வாயாரப் புகழ்ந்தவர் அதே ஸ்காட்தான்.

பஹாமாஸ் தீவுகளில் பதிவு செய்து, ஜூலை 25 அன்று 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். துக்கத்தின் அடையாளமாக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டான 'ஹெல்ஸ் பெல்ஸ்' ஆலய மணியோசையோடு தொடங்கும். அந்த மணி இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 900 கிலோ எடை. முதலில் அந்த ஊரின் நினைவுக் கோபுரத்து மணியைப் பதிய முயன்றிருக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் கோபுரத்துப் பறவைகள் படபடவென்று சிறகடித்துப் பதிவைக் கெடுத்தனவாம். அதனால் மணி வார்க்கும் பட்டறைக்கே போய்ப் பதிவு செய்தார்கள்.

இறந்த நண்பனுக்கான ஆல்பம் இது. ஆனால் இதில் ஒப்பாரி இல்லை. தலைப்புப் பாட்டைக் கவனமாகக் கேளுங்கள். கிதார் மூன்று அடி அடித்துவிட்டு நிற்கும். அந்த இடைவெளியை எதையாவது போட்டு நிரப்பும் ஆசை எந்தக் கலைஞருக்கும் வரும். இவர்கள் நிரப்பவில்லை. ஃபில் ரட் டிரம்ஸில் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அடக்கத்தில்தான் பாட்டின் பலம் இருக்கிறது.

ஏப்ரல் 14 அன்று, ஒரே நாளில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஒன்று அயர்ன் மெய்டன் குழுவின் முதல் ஆல்பம். பால் டியானோவின் முரட்டுக் குரல் அதற்குப் பொருத்தம். ஒலிப்பதிவு இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். மற்றொன்று ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாருக்குச் சொந்தமான மாளிகையில் பதிவானது. விதவிதமான ஓசைகளைப் பொத்தானை அழுத்தி வரவழைக்கும் கருவி அவர்களிடம் இல்லை. கண்ணாடி உடையும் ஓசை வேண்டுமென்றால் பால் புட்டிகளை உடைத்தார்கள். இயந்திரப் படை நடந்துவரும் ஓசைக்கு, கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். நவம்பரில் மோட்டார்ஹெட் குழுவின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' வந்தது. அட்டைப் படத்தில் தெரியும் பாலைவனம் வடக்கு லண்டனை ஒட்டிய ஒரு மணல் குவாரி. அந்தக் குழுவின் பாடகர் லெம்மி, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரை வாசித்த விதத்துக்காகவே அதைக் கேட்க வேண்டும்.

இனி என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான ஆல்பத்துக்கு வருகிறேன்.

பர்மிங்ஹாமின் பிளாக் சப்பாத் குழு 1979இல் தன் பாடகர் ஆஸி ஆஸ்பர்னை வெளியேற்றியது. குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரரான அவர் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்து, ஹெவி மெட்டலுக்கே அடித்தளமிட்டார். அப்படிப்பட்டவருக்குப் பத்தாண்டு கூடவே இருந்த குரல் இப்போது இல்லை.

வந்தவர் ரானி ஜேம்ஸ் டியோ, அமெரிக்கர். சிறு வயதில் டிரம்பெட் என்னும் ஊதுகருவியைப் பயின்றவர். தன் மூச்சுக் கட்டுப்பாடு அதிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார். ஆஸி பெரும்பாலும் கிதாரின் மெட்டைப் பின்பற்றியே பாடுவார். டியோ அதற்குக் குறுக்கே தன் மெட்டை வைத்துப் பாடுவார். இந்த ஒரு மாற்றத்தால் ஐயோமியின் கிதாருக்கே புதிய இடம் கிடைத்தது. ஏப்ரல் 25 அன்று வெளியான 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் தி சீ' பாட்டைக் கேட்டால் இது உடனே விளங்கும். மெல்லத் தொடங்குகிறது, பிறகு கிதார் இறங்குகிறது, அதற்கு மேலே அந்தக் குரல் சிறிதும் சிரமமில்லாமல் நிற்கிறது.

வெளியேற்றப்பட்ட ஆஸியும் ஓய்ந்துவிடவில்லை. செப்டம்பரில் 'பிளிசார்ட் ஆஃப் ஆஸ்' கொண்டுவந்தார். கிதாரில் ராண்டி ரோட்ஸ், இருபத்து மூன்று வயது இளைஞர். ஆல்பத்தின் நடுவே 'டீ' என்று ஒரு நிமிடம்கூட இல்லாத ஒரு துணுக்கு வருகிறது. செவ்வியல் கிதாரில் தன் தாய்க்காக அவர் வாசித்தது. மெட்டல் ஆல்பத்தில் அப்படியொரு அன்பைத் தயக்கமின்றி வைத்த அந்த இளைஞர், 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்துபோனார். இன்றும் அந்த இழப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே செப்டம்பர் 25 அன்று லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் இறந்தார். டிசம்பரில், இனி இந்தக் குழுவாகத் தொடர முடியாது என்று மற்றவர்கள் அறிவித்தார்கள். ஏசி/டிசி தொடர்ந்ததை மெச்சுகிற நான், இவர்கள் நிறுத்தியதையும் மதிக்கிறேன். பான்ஹமின் அடியை நம்பித்தான் அந்தக் குழுவின் ஒவ்வொரு பாட்டும் எழும்பியது.

இந்த உரையோடு ஒரு பாட்டை ஒலிபரப்ப நிலையத்தார் இசைந்திருக்கிறார்கள். பிளாக் சப்பாத் குழுவின் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையே போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும். சரணங்களில் கிதார் ஒதுங்கிக்கொள்ள, கீசர் பட்லரின் பேஸ் கிதாரும் டியோவின் குரலும் பாட்டைத் தாங்கும். பின்பகுதியில் வேகம் பிடிக்கும். நடுவில் நிறுத்தாமல் முழுவதும் ஒலிபரப்புவதாக வாக்களித்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.