சட்டையில் நஞ்சு: கடைக்காரர் எங்கே தடுக்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் ஒரு துணிக்கடையில் தொங்கும் பனியனில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைத் திருப்பூரில் உள்ள சாயப்பட்டறையின் வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பவர் கடைக்காரர். ஹெச் அண்ட் எம், சாரா, சி அண்ட் ஏ போன்று நாடு நாடாகக் கிளை வைத்திருப்பவர்களைத்தான் சொல்கிறேன். திருப்பூரில் இவர்களை 'பையர்' என்பார்கள். பையர் நஞ்சை எப்படித் தடுக்கிறார், அந்தத் தடுப்பு எங்கெங்கே ஓட்டையாகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல் அதிர்ச்சி 1990-களில் ஜெர்மனியிலிருந்து வந்தது. அசோ என்ற வகைச் சாயங்களில் சில உடைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்கள் என்ற ரசாயனங்களாக மாறும் என்பதால் அவற்றுக்குத் தடை போட்டார்கள். இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இப்படி 22 அமீன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம். இதுபோன்ற வரம்புகளை எல்லாம் சேர்த்துக் கடைக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் ஆர்.எஸ்.எல்., அதாவது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியல். தைத்து முடித்த உடுப்பில் எது எவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அது சொல்லும்.

அந்தப் பட்டியல் மட்டும் போதாது என்பதைக் காட்டியது நோனைல்பீனால் எத்தாக்சிலேட். சுருக்கமாக என்.பி.இ. இது சாயம் அல்ல. துணியை அலசும் சோப்பிலும், துணியைச் சட்டென நனையவைக்கும் வெட்டிங் ஏஜென்டிலும், துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னரைக் குழம்பாக வைத்திருக்கும் பொருளாகவும் உள்ளே வரும். தண்ணீரில் சிதைந்தால் நோனைல்பீனால் ஆகிவிடும். அது மீனின் உடலில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இதைத் துணி அலசப் பயன்படுத்துவதற்கு 2005-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் இறக்குமதியாகும் உடுப்போடு அது உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது. 2011-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 18 நாடுகளில் வாங்கிய 78 உடுப்புகளைச் சோதித்தது. 52-இல் என்.பி.இ. இருந்தது. வாங்கியவர் வீட்டில் துவைக்கத் துவைக்க அது கரைந்து, அவர்கள் ஊர் ஆற்றில் போய்ச் சேர்கிறது. 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய எந்தத் துணியிலும் எடையில் 0.01 சதவீதத்தை எட்டக்கூடாது என்று ஐரோப்பா சட்டமே போட்டுவிட்டது. 150 கிராம் பனியனுக்கு இது 15 மில்லிகிராம்தான்.

அதே 2011-இல் அடிடாஸ், நைக்கி, பூமா, ஹெச் அண்ட் எம், சி அண்ட் ஏ, லி நிங் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து நச்சு ரசாயனம் வெளியேறுவதை ஒழிக்க இசட்.டி.ஹெச்.சி. என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2014-இல் அது வெளியிட்ட பட்டியலின் பெயர் எம்.ஆர்.எஸ்.எல்., அதாவது தயாரிப்பில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியல். இது உடுப்பைப் பற்றியது அல்ல, பட்டறைக்குள் வரும் ரசாயன டிரம்மைப் பற்றியது. பட்டியலில் உள்ள பொருள் கலந்த ரசாயனம் உன் ஸ்டோர்ஸுக்குள்ளேயே, அதாவது சரக்கறைக்குள்ளேயே வரக்கூடாது என்கிறது. துணி நன்றாக அலசப்பட்டால் என்.பி.இ. பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடும். உடுப்பு சோதனையில் தேறிவிடும். தண்ணீர் கெட்டது கெட்டதுதான். ஆகவே உடுப்பைச் சோதிப்பதை இரண்டாம் காவல் என்றே நான் சொல்வேன். முதல் காவல் ஸ்டோர்ஸ் வாசல்.

அந்த வாசலில் நடக்கவேண்டிய வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு டிரம் வருகிறது. ஸ்டோர்ஸ்காரர் அதன் மேலுள்ள பொருள் பெயர், தயாரிப்பாளர், எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் மூன்றையும் பில்லோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பொருள் எம்.ஆர்.எஸ்.எல். சான்று பெற்றதா என்று இசட்.டி.ஹெச்.சி.யின் இணையப் பதிவில் பார்க்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்தோ எண்ணோ மாறினால் அது வேறு பொருள். 'எங்கள் சரக்கில் என்.பி.இ. இல்லை' என்று லெட்டர்பேடில் அடித்துத் தரும் கடிதம் போதாது. பாதுகாப்புத் தாளான எம்.எஸ்.டி.எஸ்.ஸில், என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் மூன்றாம் பிரிவைப் பார்த்தாலும் முழு நிம்மதி கிடைக்காது. 0.1 சதவீதத்துக்குக் கீழே உள்ள கலப்பைப் பொதுவாக அதில் எழுத மாட்டார்கள். 0.1 சதவீதம் என்றால் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். அந்த லாட்டுக்கான லேப் ரிப்போர்ட்தான் பேசும். டிரம்மைத் திறந்து சின்ன கேனில் ஊற்றினால் அந்த லாட் நம்பரைக் கேனிலும் எழுத வேண்டும். பெயரில்லாத கேன் ஒன்று மூலையில் நின்றால் அத்தனை காகிதமும் வீண்.

மாற்றுப் பொருளுக்கு மாறும்போதும் தவறு நேரும். என்.பி.இ.க்குப் பதில் ஃபேட்டி ஆல்கஹால் எத்தாக்சிலேட் வகைச் சோப்பு வரும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் கரைசல் கலங்கிப் பிரிந்துவிடும். பழைய ரெசிப்பியின் சூட்டிலேயே புதியதை ஓட்டினால் பின்னும்போது துணியில் ஒட்டிய நிட்டிங் ஆயில் முழுதாக இறங்காது, சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சாயமாஸ்டர் 'புதுச் சோப்பு சரியில்லை' என்று பழையதற்கே திரும்பிவிடுவார். சோப்பை மாற்றினால் சூட்டையும் அளவையும் சேர்த்தே ட்ரயல் எடுக்க வேண்டும்.

பிரிண்டிங்கில் நஞ்சு வேறு வழியில் நுழைகிறது. ரப்பர் போலப் படியும் பிளாஸ்டிசால் பேஸ்ட்டை மென்மையாக்க ஒரு காலத்தில் தாலேட்டுகள் என்ற ரசாயனங்களைத்தான் போட்டார்கள். ஐரோப்பாவில் நான்கு தாலேட்டுகளுக்கு வரம்பு, மொத்தமாக 0.1 சதவீதம். இப்போது தாலேட் இல்லாத பேஸ்ட் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் சோதனையில் தோற்கிறார்கள். காரணம் வாளி. 30 சதவீதம் தாலேட் உள்ள பழைய பேஸ்ட் வெறும் 10 கிராம் வாளியிலும், பேஸ்ட்டை இழுத்துத் தேய்க்கும் ஸ்குவீஜியிலும் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு கிலோ நல்ல பேஸ்ட்டைக் கொட்டினால் கிலோவில் 3 கிராம் தாலேட், அதாவது ஏறக்குறைய 0.3 சதவீதம். வரம்பைப் போல மூன்று மடங்கு! ஏற்றுமதிக்கும் உள்ளூருக்கும் ஒரே வாளி வைத்திருக்கும் பட்டறையில் இது நடந்தே தீரும். ஸ்கிரீன், ஸ்குவீஜி, வாளி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சோதனை விஷயத்தில் இரண்டு குறிப்பு. துணி சுருங்காமலிருக்கச் செய்யும் பூச்சில் வரும் ஃபார்மால்டிஹைடு ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றிலேயே தாவும். மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றிப் பாலித்தீன் உறையில் மூடித்தான் லேபுக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானில் 24 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடுப்பில் கிலோவுக்கு 16 மில்லிகிராம்தான் வரம்பு. பக்கத்துப் பெட்டியிலிருந்த சுருங்காத பேன்ட் துணியே அதைக் கெடுத்துவிடும். இரண்டாவது, செலவை மிச்சம்பிடிக்க மூன்று நிறத்தை ஒன்றாகச் சேர்த்துச் சோதிப்பது. அதில் அமீன் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்று வந்தால் 30-க்குக் கீழே இருக்கிறதே என்று தேறவிடக்கூடாது. அந்த 12 முழுதும் ஒரே நிறத்திலிருந்து வந்திருந்தால் அதன் உண்மை அளவு 36. பத்தைத் தாண்டினாலே தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

இனி, கடைக்காரர் பக்கத்துத் தவறு. பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு, பீஸுக்கு விலையைக் குறைத்து, நிறத்தைக் கடைசி வாரத்தில் மாற்றி, கப்பல் தேதியை மட்டும் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? சரக்கு, பையர் ஒப்புக்கொள்ளாத பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலி வேலையாகப் போகும். அவர் சந்தையில் கிடைக்கும் சில்லறை ரசாயனத்தை வாங்குவார். கொள்முதல் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் ஒரே மேசையில் உட்காராத கடையில் ஆர்.எஸ்.எல். வெறும் காகிதம்தான். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஐரோப்பிய வாங்குநருக்கு இன்னொரு உரிமையும் உண்டு. மிகுந்த கவலைக்குரியதென அங்கே பட்டியலிட்ட பொருள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று அவர் கடைக்காரரைக் கேட்கலாம். 45 நாளுக்குள் இலவசமாகப் பதில் தர வேண்டும்.

நம் ஊர்க் கடைக்காரரும் கேட்கத் தொடங்கலாம். பெரிய லேப் வேண்டியதில்லை. குழந்தைகள் உடுப்பு மொத்தமாக எடுக்கும்போது சாயப்பட்டறை எது, பிரிண்டிங் எங்கே நடந்தது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சாயத்துக்கும் பிரிண்ட் பேஸ்ட்டுக்கும் லாட் நம்பரோடு ரிப்போர்ட் கேளுங்கள். சீசனுக்கு ஒரு தடவையாவது, தடித்த ரப்பர் பிரிண்ட் உள்ள ஓர் உடுப்பையும் அடர்ந்த சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒன்றையும் நீங்களே கடையிலிருந்து எடுத்து அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். சப்ளையர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மாதிரியை அனுப்ப வேண்டாம். ரிப்போர்ட் வரும்வரை அந்த லாட்டின் பார்கோடை பில்லிங்கில் பூட்டி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.