பத்து ரூபாய் காணிக்கை போட வெட்கமாக இருக்கிறது, என்ன செய்வது?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார்கள். வாசிக்கிறேன். "ஐயா, நான் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். குழுக் கடன் தவணை, மகளுடைய பள்ளிக்கூட பீஸ் எல்லாம் போக கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது பத்து ரூபாய் போட வெட்கமாக இருக்கிறது. சில வாரம் பை வருகிற நேரத்தில் வெளியே போய் நின்றுவிடுகிறேன். வட்டிக்கு வாங்கியாவது நல்ல காணிக்கை கொடுக்க வேண்டுமா?"

முதலில் வட்டி விஷயம். வேண்டாம் சகோதரி. வட்டிக்கு வாங்கிக் கொடுப்பது உங்களிடம் உள்ளதைக் கொடுப்பது ஆகாது, வட்டிக்காரரிடம் உள்ளதைக் கொடுப்பதாகும். 2 கொரிந்தியர் 8:12ல் பவுல் சொல்கிறார், மனவிருப்பம் இருந்தால் ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது அந்தப் பத்து ரூபாய்க்கு வருவோம். ஏழை விதவையின் காணிக்கையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், மாற்கு 12ம் அதிகாரம். ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் அந்தக் காசின் பெயர் லெப்டா, கையில் புழங்கிய நாணயங்களிலேயே மிகச் சிறியது. ஒரு தெனாரியத்துக்கு 128 லெப்டா. தெனாரியம் என்பது ஒரு ஆளின் நாள் கூலி. மத்தேயு 20ல் திராட்சத்தோட்டத்து வேலைக்காரர்களிடம் நாளுக்கு ஒரு பணம் என்று பேசுகிறார்களே, அதுதான். அப்படியானால் இரண்டு காசு, நாள் கூலியில் 64ல் ஒரு பங்கு. நம் ஊரில் ஒருவருக்கு 640 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். சரியாகப் பத்து ரூபாய் வரும். நீங்கள் எந்த நோட்டை மடித்து உள்ளங்கையில் மறைக்கிறீர்களோ, அதே தொகை!

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லோரையும்விட இந்த விதவையே அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சீஷர்களைத்தான் கூப்பிட்டுச் சொல்கிறார். அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பாராட்டினதாக எழுதியிருக்கவில்லை. அவள் பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஊழியக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "விதவையே எல்லாவற்றையும் கொடுத்தாள், நீ ஏன் கொடுக்கவில்லை" என்று இந்தப் பகுதியை வைத்து மிரட்டுகிறவர்கள், இரண்டு வசனம் முன்னால் போய் 40ம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது அந்தக் காலத்து வேத போதகர்களைப் பற்றி அங்கேதான் ஆண்டவர் எச்சரிக்கிறார். ஏழையிடமிருந்து கறப்பதற்கு இந்தக் கதையை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையில் வேதம் ஏழைக்காக அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறது. லேவியராகமம் 5ம் அதிகாரத்தைப் பாருங்கள். பாவநிவாரணத்துக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவர முடியாதா, இரண்டு புறா போதும். அதற்கும் வழியில்லையா, எப்பா என்கிற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும். எண்ணெயும் வேண்டாம், சாம்பிராணியும் வேண்டாம். பிள்ளை பெற்றவள் கொண்டுவரும் பலிக்கும் இதே மாதிரி ஏழைக்கு ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையில் வந்தவர்கள் யார் தெரியுமா? யோசேப்பும் மரியாளும். லூக்கா 2:24ல் அவர்கள் பலியாகச் சொல்லப்படுவது புறாக்கள்தான், ஆட்டுக்குட்டி அல்ல. ஆண்டவரே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்.

எங்கள் ஊர் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டி வருவார்கள். தூக்குவாளியில் கொஞ்சம் அரிசி, அதற்குள் உடையாமல் ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. மற்றவர்கள் வாழைத்தாரும் பூசணியுமாகக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். முட்டையை ஒருவர் எடுப்பார், எடுத்ததை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். இன்னொருவர் எடுப்பார், அவரும் கொடுத்துவிடுவார். காது சரியாகக் கேட்காத பாட்டி பக்கத்தில் இருக்கிறவரை இடித்து இடித்து, "என் முட்டை எவ்வளவுக்குப் போகுது?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு அடங்காது.

மிசோரமில் பெண்கள் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து சபைக்குக் கொடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, அந்த அரிசியை விற்ற பணத்தில் ஊழியங்கள் நடக்கின்றன. நம் பக்கத்திலும் பிடியரிசிக் காணிக்கை இருந்ததுதான். இப்போது அரிசி டப்பாவைப் பல வீடுகளில் மறந்துவிட்டார்கள்.

பணமே இல்லாத வாரத்தில் என்ன செய்வது என்றும் யோசிப்பீர்கள். ஆலயத்தில் பாய் விரிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், போய் விரியுங்கள். ஆனால் அதையும் கடன் அடைப்பது மாதிரி செய்ய வேண்டாம். இரண்டு வீட்டு வேலை முடித்து வருகிற உடம்பு, முடிந்தால் செய்யுங்கள்.

அப்புறம் அந்த வெளியே போய் நிற்கிற பழக்கம். இந்த ஞாயிறு உள்ளேயே உட்காருங்கள். முதலில் மகளுடைய பீஸையும் தவணையையும் கட்டிவிடுங்கள். மிச்சத்தில் பத்து ரூபாய் எடுக்க முடிந்தால் பத்து, ஐந்துதான் முடியும் என்றால் ஐந்து. கையை மூடி மறைக்காமல் போடுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். சரி, அடுத்த கேள்வி.