மூன்று மணி குறைந்த மாலை

(மட்டக்களப்பில் ஒரு கோயில் திருவிழா இரவில் பேசியது)

பெரியோர்களே, தாய்மாரே, முன்வரிசையில் தூங்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளே, வணக்கம்.

செபமாலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் கையில் இருப்பது அம்மம்மாவின் மாலை, ருத்திராட்சம். தேய்ந்து தேய்ந்து முள்ளெல்லாம் மழுங்கி, புளியங்கொட்டை மாதிரி வழுவழுத்துப் போயிற்று. ஐந்து முகத்தின் கோடுகளும் நகத்தால் தடவினால்தான் தெரியும்.

1978 நவம்பர் 23 சூறாவளி இரவு எனக்கு ஏழு வயது. கூரை போனதும் எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அம்மம்மா சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்து மாலை உருட்டினார். காற்றின் இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மின்னும்போது பெருவிரல் அசைவது மட்டும் தெரிந்தது. விடிந்ததும் கேட்டேன்: "அம்மம்மா, ராவு முழுக்க எத்தனை உரு சொன்னீங்க?"

"ஆருக்கு மனே தெரியும்? கையெல்லோ எண்ணினது."

செபமாலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று வாயோ மனமோ எண்ணினால், மனம் எண்ணில் நிற்குமே தவிர நமசிவாயத்தில் நிற்காது. ஆகவே கணக்கு வேலையைக் கையிடம் கொடுத்துவிட்டார்கள். மாலையை நடுவிரலில் தொங்கவிட்டு, பெருவிரலால் ஒவ்வொரு மணியாக உள்ளே இழுக்கிறோம். சுட்டுவிரல் படக்கூடாது. ஊரார் குற்றத்தைக் காட்டுகிற விரல் அல்லவா, அதைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நூற்றெட்டு மணி போக, முடிச்சில் தனியாக ஒரு மணி இருக்கும். அது நாயக மணி, மேரு என்றும் சொல்வார்கள். அதைத் தாண்டக்கூடாது, வந்த வழியே மாலையைத் திருப்ப வேண்டும். குருவின் இடம் என்பதால் தாண்டுவதில்லை என்பார்கள். சரி, அதோடு ஒரு வசதியும் உண்டு. கண்ணை மூடியிருந்தாலும் அந்த மணி விரலில் தட்டும்போது ஒரு சுற்று முடிந்தது என்று தெரிந்துவிடும்.

ஏன் 108? இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்று பெருக்குவார்கள். பன்னிரண்டு ராசியை ஒன்பது கோளால் பெருக்கினாலும் அதே எண். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு: நூறு கணக்குக்கு, எட்டு இடையில் மனம் ஓடிப்போனதற்கு. நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்!

சைவருக்கு ருத்திராட்சம், வைணவருக்குத் துளசி; ஸ்படிகமும் தாமரைக் கொட்டையும் வைத்திருப்பவர்களும் உண்டு. ருத்திராட்சம் ஒரு மரத்தின் கொட்டை. நேபாளத்திலும் ஜாவாவிலும் காய்க்கிறது. பழம் நீலமாக இருக்கும். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைக் கடைகளில் ஒருமுகம், பதினான்கு முகம் என்று விலை சொல்லும்போது அவசரப்படாதீர்கள். சாதாரணமாகக் கிடைப்பது ஐந்து முகம்தான். தண்ணீரில் தாழ்ந்தால் அசல் என்பதை நம்பவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த அசல் மணி மிதக்கவும் கூடும், ஈயம் அடைத்த போலி தாழும்.

கல்முனை பஸ்ஸில் ஒருநாள் பார்த்தேன். காத்தான்குடியில் ஏறிய ஒரு முஸ்லிம் பெரியவர் கையில் தஸ்பீஹ் மணி. எனக்கு முன் இருக்கையில் ஒரு கத்தோலிக்க ஆச்சி, அவர் கையிலும் மாலை. அவர்களும் அதைச் செபமாலை என்றுதான் சொல்கிறார்கள். பெரியவருக்கு முப்பத்துமூன்று, ஆச்சிக்குப் பத்துப் பத்தாக ஐந்து, எனக்கு நூற்றெட்டு. பஸ் குலுங்கியபோது மூன்று பெருவிரலும் அதே இடத்தில் நின்று, பிறகு நகர்ந்தன.

செபத்தில் மூன்று வகை என்று அறநெறிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கச் சொல்வது வாசகம். தன் காதுக்கு மட்டும் கேட்க முணுமுணுப்பது உபாஞ்சு. நாவும் உதடும் அசையாமல் மனத்தால் சொல்வது மானதம், அதுவே உயர்ந்தது. மானதம் எப்படியிருக்கும் என்று நூலில் தேட வேண்டாம், மண்டூர் முருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள். அங்கே கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். திரை விழுந்திருக்கும், மந்திர ஒலி கிடையாது. நாங்களோ இங்கே நான்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோம். (சிரிக்காதீர்கள், அதில் ஒன்றில்தான் நானும் பேசிக்கொண்டிருக்கிறேன்.)

அப்புறம் இந்த மாலை. எண்ணிப் பார்த்தால் நூற்றைந்து மணிதான். சூறாவளி இரவில் நூல் அறுந்து மூன்று மணி சேற்றோடு போயிற்று. புது மணி வாங்கிக் கோர்த்துத் தருகிறேன் என்று அம்மா எத்தனையோ தரம் கேட்டும் அம்மம்மா விடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாயக மணிக்கு வந்ததும் மாலையை மடியில் வைப்பார். சுண்டுவிரலின் மூன்று கணுவையும் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொடுவார். அப்புறம்தான் மாலையைத் திருப்புவார்.